ஆணி அடிக்கும் முன்

உங்கள் அருங்காட்சியகத்தில் அமெரிக்கக் கலைக்கென்று தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. பவுடர் பூசிய டோப்பாவோடு செல்வந்தர்கள் வரிசையாக முறைக்கிறார்கள். உள்ளே வருகிறவர்கள் கழிப்பறைக்கு வழி கேட்கிறார்கள். பிரிவை மாற்றியமைக்கும் வேளை வந்துவிட்டது. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், இருப்பதை இடம் மாற்றினாலே போதும். கல்யாணப் பந்தியில் இலையை மாற்றிப் போட்டுப் பார்த்தவர்களுக்கு, இதில் எவ்வளவு சண்டை அடங்கியிருக்கிறது என்று தெரியும்.

முதலில் ‘அமெரிக்கக் கலை என்றால் எது?’ என்று ஒரு கூட்டம் போடுங்கள். முடிவு வராது, டீ வரும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘டெலவேர் நதியைக் கடக்கும் வாஷிங்டன்’ ஓவியம் இருக்கிறது. இதைவிட அமெரிக்கத்தனமான படம் கிடைக்காது. ஆனால் எமானுவேல் லாய்ட்ஸ 1851இல் அதை வரைந்தது ஜெர்மனியின் டுசல்டார்ஃபில். படகில் இருக்கும் கொடியோ, நதியைக் கடந்த 1776 டிசம்பரில் பிறக்கவே இல்லை. 1777 ஜூனில்தான் அது கொடியாக ஏற்கப்பட்டது. கூட்டத்தில் இதையெல்லாம் விவாதித்துவிட்டுப் படத்தை அப்படியே விட்டுவிடுங்கள். 12 அடி உயரம், 21 அடி அகலம். அதைத் தூக்குவதற்குக் கொள்கையை மாற்றிக்கொள்வது சுலபம்.

அடுத்து, பூர்வகுடிகளின் பொருள்கள் இருக்கும் எதிர் அறையைப் பாருங்கள். மெட்ரோபாலிட்டனின் அமெரிக்கப் பிரிவு திறந்தது 1924இல். பூர்வகுடிகளின் கலைக்கென அந்தப் பிரிவுக்குள் முதல் கண்காட்சி நடந்தது 2018இல், டைக்கர் தம்பதியின் சேகரிப்பு வந்தபோது. அதற்கு முன் அதே கட்டடத்தில் ஆப்பிரிக்கா, ஓசியானியாவோடு ஒண்டுக்குடித்தனம். அந்த மண்ணில் முதலில் குடியிருந்தவர்கள் ‘அமெரிக்கா’ என்று பெயர் எழுதிய அறைக்குள் நுழைய 94 ஆண்டுகள்! உங்களுக்கு ஒரு தள்ளுவண்டியும் நாலு ஆட்களும் இருந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இந்த ஒன்றில் மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு கூடையை மானுடவியல் கூடத்தில் பார்த்தால் ‘இந்த ஜனங்கள் இப்படித்தான் முடைவார்கள்போல’ என்று நகர்ந்துவிடுவோம். அதையே ஓர் ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்தால், ‘முடைந்தது யார்?’ என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி உயரம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். தன் 200ஆவது ஆண்டையொட்டி, 2024 அக்டோபரில் கறுப்பினப் பெண்ணியப் பார்வையில் அமெரிக்கப் பிரிவை மாற்றியமைத்தபோது, ப்ரூக்ளின் அருங்காட்சியகம் ஓர் அறையில் உருவப்படங்களைத் தாழ இறக்கி மாட்டியது. பெரிய மனிதர்களை நாம் குனிந்து பார்க்கிறோம். நீங்களும் செய்யலாம், முட்டிவலிக்காரர்களுக்குப் பெஞ்சு போட்டுவிட்டு. எந்த ஆணியைப் பிடுங்குவது என்று ஊழியர்கள் கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஆணியைத் தொடவே பயமா? படத்துக்குப் பக்கத்திலுள்ள விளக்கச் சீட்டை மாற்றுங்கள். மாசசூசெட்ஸின் வர்ஸ்டர் கலை அருங்காட்சியகம் 2018இல் இதைத்தான் செய்தது. பழைய உருவப்படங்களில் இருப்பவர்களுக்கு அடிமை முறையோடு என்ன தொடர்பு என்று சொல்லும் சீட்டுகளை ஒட்டியது. படம் நூலளவும் நகரவில்லை. பட்டு அங்கிக்குப் பணம் வந்த வழி மட்டும் தெரிந்துவிட்டது. ‘வசதியான வணிகர்’ என்று எழுத உங்கள் கை போகும்போதெல்லாம், ‘எதை விற்று?’ என்று கேட்க ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சம்பளம் கூடவே கொடுங்கள். நன்கொடையாளர்களின் தொலைபேசிக்கும் அவர்தான் பதில் சொல்லப்போகிறார்.

கடைசி வேலை கொஞ்சம் கடினம். தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த குயவர் டேவிட் டிரேக். அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதே குற்றமாக இருந்த ஊரில், ஈரக் களிமண்ணில் ‘டேவ்’ என்று கையெழுத்தும் தேதியும் கவிதையும் கீறியவர். அவர் செய்த இரண்டு ஜாடிகள் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திடம் இருந்தன. 2025இல் அவற்றின் உரிமையை அவருடைய வம்சத்தாரிடம் ஒப்படைத்த அருங்காட்சியகம், 1857இல் செய்த கவிதை ஜாடியை அவர்களிடமே மறுபடி விலைகொடுத்து வாங்கியது. 168 ஆண்டுக்குப் பிறகு ஜாடிக்கான பணம் செய்தவர் வீட்டுக்குப் போனது.

உங்களிடமும் அப்படியொன்று இருந்தால், கணக்கை முடித்துவிட்டு ஜாடியை இருந்த இடத்திலேயே வையுங்கள். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘யாரிடமிருந்து பெற்றது’. அதைத் திருத்துங்கள்.