வளவாளர் வீட்டுக்காரர்

கொக்குவில் பக்கத்தில் எந்த ரியூட்டரியை எடுத்தாலும் இப்படி ஒரு ரீச்சர் இருப்பார். வணிகக்கல்வி படிப்பிப்பார். வருசத்துக்கு ஒருக்கால் அவருக்கு, 'பிள்ளையளுக்கு வெளியுலக அனுபவம் வேணும்' என்ற எண்ணம் வந்துவிடும். வெளியுலகத்திலிருந்து வந்து இறங்குகிறவர் அவருடைய வீட்டுக்காரர்.

'சிறப்பு வளவாளர், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்' என்று அறிவித்தல் பலகையில் கிடக்கும். கீழே நாலு வரியில் தகைமைகள். முதல்நாள் இரவு இரண்டு பேரும் பிட்டுக் கோப்பைக்கு முன்னால் சண்டைபிடித்து எழுதிய வரிகள் அவை. உறவுமுறை மட்டும் அதில் இராது. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்றுதான் ரீச்சர் வகுப்பில் அறிமுகம் செய்வார். பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரிந்தவர்தான். காலமையில் ரீச்சரை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கால் மணித்தியாலத்தில் மறந்துபோன சாப்பாட்டுப் பெட்டியோடு திரும்பி வருகிறவர் வேறு யார்?

வெளியாளைக் கூப்பிட்டால் ஓட்டோக்காசு கொடுக்கவேண்டும், ரோல்ஸும் வாங்கவேண்டும். வீட்டுக்காரருக்குப் பிளேன்ரீ போதும், அதுவும் சீனி இல்லாமல். ரீச்சர் வெளியில் சொல்லும் காரணம் இது. சொல்லாத காரணம், ஓய்வுபெற்ற மனுசன் குசினிக்குள் வந்து மிளகாய்த்தூள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பது. பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு 40 நிமிடம் கதைக்கவிட்டால், ஒரு கிழமைக்கு வீட்டில் அமைதி.

பாடம் பணவீக்கம். முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகப் போகும். பிறகு மனுசன் யாழ்தேவியில் ஏறிவிடுவார். 1956இல் ஓடத் தொடங்கிய ரயில், 1990இல் நின்றது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தது, அடுத்த தையில் எங்கள் கொக்குவில் ஸ்டேசனையும் தாண்டிக் காங்கேசன்துறைக்குப் போனது என்று வரிசையாகச் சொல்வார். நல்ல சரக்குத்தான். அன்றைய டிக்கெற் விலையையும் இன்றைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பாடமே முடிந்துவிடும். ஆனால் வளவாளர் டிக்கெற் விலைக்கு வரமாட்டார். மாகோச் சந்தியில் வாங்கித் தின்ற வடையிலேயே நிற்பார்.

கடைசி வாங்கிலிருந்து ரீச்சர் மெல்ல, "இஞ்சேருங்கோ, 2022ஐச் சொல்லுங்கோ" என்பார். அந்த வருசம் செப்ரெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். பெற்றோல் வரிசையில் தகப்பன்மாரோடு நின்ற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

"நீர் சும்மா இரும். முதல் மாகோ தாண்டட்டும்."

'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்' என்ற மூடிமறைப்பு அதோடு காலி. கேள்வி நேரத்தில் ஒரு பொடியன் எழும்பி, "சேர், ரீச்சர் வீட்டிலையும் உங்களைத் திருத்துறவவோ?" என்று கேட்பான். அன்று முழுக்க வளவாளர் யோசித்துப் பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான்.

கணவன் வகுப்புக்கு மனைவி போன கதை உலகத்தில் உண்டு. 1906இல் பியர் கியூரி விபத்தில் இறந்த பிறகு, அந்த நவம்பரில் மேரி கியூரி சோர்போனில் அவருடைய வகுப்பை எடுத்தார். அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார் என்பார்கள். எங்கள் வளவாளரும் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். வீட்டில் கதைக்க விடாத இடம் அது.

முடிவில் பொன்னாடை. ரீச்சர் எழுதிக் கொடுத்த நன்றியுரையை வகுப்புத் தலைவி வாசிப்பாள். அலுமாரியிலிருந்து வந்த பொன்னாடை பின்னேரம் அதே அலுமாரிக்குத் திரும்பிவிடும், அடுத்த வருசத்துக்கு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்து தம்பி வந்தால் அவர் 'சர்வதேச வளவாளர்'. பனியைப் பற்றிக் கதைப்பார். பொன்னாடை அதேதான்.

1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது மாணவர் காங்கிரஸ். அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தார். விருந்தாளியைத் தேடிக் கடல் கடந்து கடிதம் போட்ட ஆட்களின் ஊரில், இப்போது மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தோடு தேடல் முடிந்துவிடுகிறது. சுகாதாரப் பாடத்துக்கு ஆள் வேண்டுமென்றால் ஆடியபாதம் வீதியில் மருத்துவ பீடமே இருக்கிறது. வணிகக்கல்விக்கோ, சுருட்டுக்குப் பேர்போன ஊர் இது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிச் சுருட்டுச் சுற்றிய, சுற்றிக்கொண்டே பக்கத்தில் ஒருவர் பத்திரிகை வாசிக்கக் கேட்டிருந்த கிழவர்களிடம் கூலி, முதல், நட்டம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும்.

வீட்டுக்காரரைக் கூப்பிடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ரீச்சர். வங்கி விசயம் அவருக்குத் தெரியும். 'இவர் என்ரை மனுசன்' என்று முதலே சொல்லிவிட்டு, பத்து நிமிடம் மட்டும் கொடுங்கள். மிச்ச அரை மணித்தியாலத்துக்கு ஒரு சுருட்டுத் தொழிலாளியைக் கூப்பிடுங்கள். ஓட்டோக்காசை மறக்காதேங்கோ.