மர்ஃபிக்கு லைசென்ஸ், மொபைலுக்கு அறிவுரை

தென்காசிப் பக்கம் இலஞ்சியில் எங்கள் தாத்தா ஒரு மர்ஃபி ரேடியோ வைத்திருந்தார். சும்மா வைத்திருக்க முடியுமா? அரசாங்கத்தின் உத்தரவோடு வைத்திருந்தார். வருஷத்துக்கு 15 ரூபாய். தபால் ஆபீஸில் கட்டி, ஒரு குட்டிப் புத்தகத்தில் பதிந்து வாங்கி வர வேண்டும். கட்டாமல் பாட்டுக் கேட்டால் 1933ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை அபராதம். புத்தகம் புதுப்பிக்காமல் கிடந்த வருஷங்களில், "லைசென்ஸ் பாக்க வாராங்கவே" என்று தெருமுனையில் ஒரு குரல் கேட்டால் போதும், மர்ஃபி நெல்குதிருக்குள் இறங்கிவிடும். தென்காசிக் கோபுர வாசலில் ஆளையே தள்ளுகிற காற்றுக்கு அன்றும் சீட்டு கிடையாது. அதே காற்றில் ஏறி வந்த சத்தத்துக்குத்தான் சீட்டு.

ஆனாலும் அந்தப் பெட்டி சம்பளத்துக்கு வேலை பார்த்தது. 1963 டிசம்பர் 1இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல்லை வானொலியில் கேட்டுக் கேட்டு விதைத்த விவசாயிகள், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு அரசுத் திட்டத்துக்கு ஜனங்கள் தாமாக ஆசையாய்ப் பெயர் வைத்தது அதற்குப் பிறகு நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போதெல்லாம் பெயரை முதலில் வைத்துவிட்டுத் திட்டத்தைத் தேடுகிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் லைசென்ஸ் கட்டணத்தை ஒழித்தார்கள். டி.வி. ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம் அது. மாடு போன பிறகு மேய்ச்சல் வரியைத் தள்ளுபடி செய்த மகாராஜா கதைதான்.

பிறகு கணக்கைப் பாருங்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் நூற்றுக்கு 35இல் ரேடியோ இருந்தது. 2011இல் அது இருபதுக்கும் கீழே போனது. அதே பத்து வருஷத்தில் போன் வைத்திருந்த வீடுகள் 9இலிருந்து 63க்கு எகிறின. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 87 வீட்டில் டி.வி. இருக்காதா பின்னே? 2006இலிருந்து ஒன்றரைக் கோடிக்கும் மேல் கலர் டி.வி.யை இலவசமாகக் கொடுத்த நாடு இது. அப்புறம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். கரண்டு போனாலும் பேசுகிற பேட்டரி ரேடியோ ஒன்றைக் கொடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதில் தலைவர் படம் ஒட்ட இடம் குறைவு என்பது காரணமாக இருக்கலாம்.

2011க்குப் பிறகு? 2021 கணக்கெடுப்பு 2021இல் நடக்கவே இல்லை. 2019 நவம்பர் 22இல் பிறந்த தென்காசி மாவட்டம் தன் பெயரில் ஒரு கணக்கெடுப்பு முடிவைக் கண்ட பிள்ளை இல்லை. எத்தனை வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று இங்கே கேட்டால், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்த்துவந்த, இப்போது மொபைல் கவர் விற்கிற அண்ணாச்சியைத்தான் கேட்க வேண்டும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் புள்ளிவிவரம்.

டெல்லி சும்மா இருந்துவிடவில்லை. டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஒலிபரப்புக் கருவிகளை நாடு முழுக்க நிறுவினார்கள். அதைக் கேட்கத் தனி செட்டு வேண்டும். அது கடையில் லேசில் கிடைப்பதில்லை. கும்பாபிஷேகம் அமோகம், நடைக்குச் சாவிதான் இல்லை. 2023 மே மாதம் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை விட்டுவிட்டு 'ஆகாசவாணி' என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். கேட்க ஆளில்லாத பெட்டிக்குப் பெயர் சூட்டு விழா. தனியார் எஃப்.எம்.களோ சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆற்றில் வெள்ளம் வந்தால், நிர்வாகம் கொடுத்த அறிவிப்பை வாசித்துவிட்டு நகைக்கடையின் சேதாரத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. பொதுச்சொத்தை இந்த நாட்டில் எப்படிப் பராமரிப்பார்கள் என்று அது சொல்லவில்லை.

அதே 2023இல் இன்னொரு கூத்து. பல மொபைல்களில் எஃப்.எம். கேட்கிற வசதி உள்ளேயே இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் அதை முடக்கி விற்கிறார்கள். பேரிடர் நேரத்தில் உயிர் காக்கும், தயவுசெய்து திறந்து விடுங்கள் என்று ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டது! எங்கள் தாத்தாவின் மர்ஃபிக்குச் சட்டம், அபராதம். கோடிக்கணக்கில் போன் விற்கிறவனுக்கு அறிவுரை.

அந்த டிசம்பரில் 17, 18 தேதிகளில் வானம் உடைந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. குற்றால அருவிகள் வெறிபிடித்து விழுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் தண்ணீருக்கு நடுவில் நின்றார்கள். கரண்டு இல்லை, டவர் இல்லை. கையில் இருபதாயிரம் ரூபாய்க் கண்ணாடிப் பலகை. அதில் டார்ச் மட்டும் எரிந்தது. அந்தப் பக்கம் இருக்கும் என் சித்தி மகன் மொட்டை மாடியில் இரண்டு இரவு இருந்தான். அணையைத் திறந்தார்களா, தண்ணீர் ஏறுமா இறங்குமா, எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் சிக்னல் வந்ததும் முதலில் வந்த குறுஞ்செய்தி, கனமழைக்கு வாய்ப்பு இருக்கிறது, கவனமாக இருக்கவும். சிரிக்கவா, செருப்பைக் கழற்றவா என்று கேட்டான்.

ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இன்றும் ஜனங்கள் செய்திக்கு ரேடியோவைத்தான் திருகுகிறார்கள். நிலநடுக்கத்துக்குப் பழகிய ஜப்பான்காரர் வீட்டு அவசரப் பையில் ஒரு குட்டி ரேடியோ இருக்கும். நாம்தான் வல்லரசு, நமக்கு ஆப் போதும்.

தாத்தாவின் மர்ஃபியைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் எப்போதோ கொடுத்துவிட்டோம். போன சீசனில் அதே ஜாடையில் ஒன்றைப் பார்த்தேன், குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில். பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. முன்பக்கம், முள் நகர்கிற கண்ணாடியின் மேல் வைஃபை பாஸ்வேர்டு ஒட்டியிருந்தது.