அரை நிமிசப் பெருமை

வாலே தம்பி, உக்காரு. ஆஸ்திரேலியாவுல இந்த டாண்டினாங்குக்கு வந்து எத்தனை மாசம் ஆச்சு? வேலை கெடச்சுதான்னு நான் கேக்கல. உன் மூஞ்சியே சொல்லுது.

இந்த நாட்டுக்காரன் உன்னைச் சும்மாவா கூப்பிட்டான்? மார்க் போட்டுல்லா கூப்பிட்டான்! 25லேர்ந்து 32 வயசுக்குள்ளன்னா 30. பட்டத்துக்கு 15. வெளிநாட்டுல எட்டு வருசம் உன் தொழிலைப் பாத்திருந்தா அதுக்கொரு 15. மொத்தம் 65 தேறாதவன் விசா வரிசையிலயே நிக்க முடியாது. சரி, தேறி வந்து எறங்கிட்ட. கம்பெனி வாசல்ல போய் நின்னா, "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"ங்கான். அப்போ அந்த 15 மார்க்கு எதுக்குலே? பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் முடிஞ்சாத்தான் பைத்தியம் தெளியும்னு நம்மூர்ல சும்மாவா சொன்னாங்க?

இந்தச் சந்துல கடை போட்டு உக்காந்திருக்கவன்தான் கரியர் கோச்சு. லிஃப்ட்டுக்குள்ள ஒரு மேனேஜர் மாட்டுனா, அரை நிமிசத்துல உன் பெருமையை அவன்கிட்ட எப்படி அளக்கணும்னு டாலர் வாங்கிட்டுச் சொல்லித்தாரான். நீ இருக்கது மாடியில்லாத வீடு. எந்த லிஃப்ட்டுலே? எந்த மேனேஜரு?

பொறவு இன்டர்வியூவுக்குன்னு 'ஸ்டார்'னு ஒரு வித்தை. நெலமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செஞ்ச, முடிவு என்னாச்சுன்னு வரிசையாச் சொல்லணுமாம். வரப்புத் தகராறுல உங்க ஆச்சி பஞ்சாயத்துக்குச் சாட்சி சொன்னா பாரு, அதுல இதுல எது கொறஞ்சுது? காசா கேட்டா?

ஆனாலும் உன் பயோடேட்டாவைப் பாத்தேன். ஏழு பக்கம். அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆச்சா, கோட்டு போட்ட போட்டோ, கடேசில "மேற்கண்டவை யாவும் உண்மை"ன்னு கையெழுத்து. அதையெல்லாம் கிழிச்சுப் போடுங்கான் கோச்சு. அது மட்டும் நெசம். ரெண்டு மூணு பக்கம் போதும். உன் வேலையைப் பாத்த ரெண்டு பேரு போன்ல நல்லதாச் சொல்லணும், அம்புட்டுத்தான்.

பேரையும் சுருக்கணுமாம். பாலசுப்பிரமணியன் 'பால்' ஆயிரணுமாம். சிரிக்காத. 2007ல ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்து ஆளுக நாலாயிரத்துக்கு மேல பொய் விண்ணப்பம் போட்டுப் பாத்தாங்க. சரக்கெல்லாம் ஒண்ணு, பேரு மட்டும் வேற. வெள்ளைக்காரப் பேருக்கு வந்த அளவு அழைப்பு வாங்க, சீனப் பேருக்காரன் 68 சதவீதம் கூடுதலா விண்ணப்பம் போடணும்னு தெரிஞ்சுது. அப்போ கோச்சிங் யாருக்குலே வேணும்? உனக்கா, கம்பெனிக்காரனுக்கா?

நெட்வொர்க்கிங்காம். கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் சாப்பாட்டு வரிசையில நில்லு, முன்னாடி பின்னாடி எஞ்சினியராத்தான் இருப்பான். அதுக்குன்னு நம்மாளு கூடவே நின்னுறாத. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன்கிட்ட ஃபுட்டி ஸ்கோரு கேளு. 'சீக்'ங்கிற வேலை தேடுற தளத்துல வாராத வேலையும் பேச்சுல வரும்.

அதுவரைக்கும் வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்கு. வெக்கம் வாடகை கட்டாது. சர்க்காரு வேலையில்லாப் படி கேட்டாலும் புதுசா வந்தவன் நாலு வருசம் காத்துக் கெடக்கணும். ஆனா பெட்டி தூக்கிக்கிட்டே உன் படிப்பை மறந்துராத. அங்கனயே தங்குனவங்க நெறைய பேரு, சொல்லிட்டேன்.

கோச்சுக்குக் குடுக்கத் துட்டு வச்சிருக்கியே, அதைப் பொத்தி வை. படிச்சு வந்தவங்களுக்குன்னே ஏம்ஸ் ஆஸ்திரேலியாங்கிற அமைப்புல காசில்லாம வகுப்பு நடத்துதாங்க. பயோடேட்டா, இன்டர்வியூ எல்லாம் அங்கனயே சொல்லித்தாராங்க. உன் வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் தடுமாறுதா? 1948லேர்ந்து சர்க்காரே சும்மா சொல்லித்தருது. 510 மணி நேரந்தான்னு முன்னால கெடு இருந்துது, 2021ல அதையும் எடுத்துட்டாங்க.

திங்கக்கெழமை ரெண்டு பேருமாப் போயி, எது எது உங்களுக்குச் சேரும்னு கேட்டு, பேரைக் குடுத்துட்டு வாங்க. முழுப் பேரையும் குடுலே.