மூடிக்கு ஒரு ஜன்னல்

எஞ்சின் மூடி என்றால் விழுப்புரத்துக்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது உட்காரும் இடம்தான். பஸ்ஸின் மேல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்த காலம் அது. 1997-ல்தான் தலைவர்கள் பெயரை எல்லாக் கழகங்களிலும் எடுத்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் ரெக்ஸின் போர்த்திய அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்தே திண்டிவனம் வரை போயிருக்கிறேன். மார்கழியில் சொர்க்கம். சித்திரையில் தோசைக்கல், திருப்பிப் போடத்தான் ஆள் இல்லை.

என் டீசல் காரில் இருப்பது வேறு ஜாதி மூடி. கறுப்பு பிளாஸ்டிக், அடியில் சத்தத்தை அமுக்க ஒரு பஞ்சு மெத்தை, நாலு மூலையிலும் ரப்பர் புஷ். கழற்றும்போதெல்லாம் ஒரு புஷ் உள்ளே விழும். விழுந்தது விழுந்ததுதான்.

இன்ஜெக்டருக்குப் போன டீசலில் மிஞ்சியதை டேங்குக்கே திருப்பி அனுப்ப ஒரு ரிட்டன் பைப் உண்டு. அது சேரும் இடத்தில் கசிவு. சூடானால்தான் கசியும், ஆறினால் சாதுவாகிவிடும். ஆகவே ஓட்டிவிட்டு வந்து மூடியைக் கழற்று, துடை, மாட்டு, மறுபடி ஓட்டு. இதற்காகத் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போய்வந்தேன். விழுப்புரத்தில் மெக்கானிக் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பாக்கி வைத்திருக்கிறேன்.

வழியில் விக்கிரவாண்டி டோல்கேட். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்கோடு போகும். நம் மெக்கானிக் கைக்கடிகாரம் கட்டாதவர்.

மூன்றாவது புஷ்ஷும் காணாமல் போன அன்று அவருக்கே பொறுமை போய்விட்டது. பிரேம் இல்லாத ஆக்ஸா பிளேடை அடுப்பில் காட்டிச் சிவக்க வைத்து, நுனியில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக இறக்கினார். தலைமயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். "சார், ஆபரேஷன் முடிஞ்சுது, தையல்தான் பாக்கி" என்றார். எனக்குத்தான் மயக்கம் வரும்போல் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் உண்டு. மூடியில் ஓட்டை இருக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை என்று தேற்றிக்கொண்டேன்.

ஜன்னலுக்குக் கதவு வேண்டுமே? பழைய டிபன் பாக்ஸின் எவர்சில்வர் மூடி, ஒரு பீரோ கீல். அது ஜால்ரா தட்டியதால் விளிம்பில் சைக்கிள் டியூப்.

கசிவு இரண்டே நிமிஷத்தில் பிடிபட்டது. ஒரு ஓ-ரிங்கோடு தீர்ந்தது. ஆனால் ஜன்னல் இருக்கிறதே! காலையில் பல் தேய்த்துக்கொண்டே திறந்து பார்க்கிறேன். எதிர்வீட்டுக்காரர் வாக்கிங் முடித்து வந்து பார்க்கிறார். பார்த்தவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சந்தேகம் வருகிறது. மூடி மூடியாக இருந்தவரை என் கார் இவ்வளவு நோயாளி இல்லை.

போன வாரம் திண்டிவனத்திலிருந்து போன். "சார், இங்க ஒருத்தருக்கு அதே மாதிரி ஜன்னல் வேணுமாம். சாம்பிள் காட்டணும், வண்டிய எடுத்துட்டு வாங்க. டோல் நான் குடுத்துடறேன், வர்றதுக்கு மட்டும்."