பத்துக் கட்டைவிரல்

ஏலகிரி மலை ஏறும்போது பாரி வளைவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கட்டைவிரலைப் பற்றி இரண்டே வரி. அதைச் சொல்லாவிட்டால் தொண்டையில் நின்றுகொண்டு மற்றதை வெளியே விடாது.

போன ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.40க்குப் பூந்தமல்லியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஹெல்மெட், முதுகில் பை, முழங்காலில் கவசம், ஆறாயிரம் ரூபாய் ஜாக்கெட். கடைக்காரர் அப்போதுதான் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “டெலிவரியா சார்?” என்றார்.

“இல்லண்ணே, ஏலகிரிக்கு ரைடு. ஃப்ரெண்ட்ஸ் வராங்க. மொத்தம் பதினோரு பேர்” என்றேன்.

மனுஷர் முகம் மலர்ந்து இன்னும் இரண்டு பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினார். அந்தப் பால் என் தலையில் விடிந்த கதைதான் இது.

ஆரம்பம் ஒரு கல்யாண மண்டபத்தில். பந்தியில் உட்கார்ந்தபோது ஒருவன், “மச்சான், எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் பைக்ல மலைக்குப் போயிட்டு வரணும்டா” என்றான். பாயசம் வருவதற்குள் வாட்ஸ்அப்பில் குழு பிறந்துவிட்டது. பாயசம் தீர்வதற்குள் அதற்கு மூன்று முறை பெயர் மாறிவிட்டது.

முதலில் முன்மொழியப்பட்டது ஊட்டி. சென்னையிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்புவது. போக மட்டுமே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது நாள் ஒருவன், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சொன்னான். அவ்வளவுதான், ஊட்டி விழுந்தது. போக வர ஆயிரம் கிலோமீட்டருக்கு அசராதவர்களை ஒரு விண்ணப்பப் படிவம் சாய்த்துவிட்டது.

பிறகு ஏலகிரி. சுமார் 230 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் கூட்டத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவன் உடனே எக்செல் ஷீட் போட்டான். வண்டி, மைலேஜ், ரத்த வகை, ஆம்பூரில் மட்டனா சிக்கனா, முன்னால் போகிறவர் யார், கடைசியில் வருகிறவர் யார், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஃபாஸ்டேக் என்றும் ஒரு கட்டம் இருந்தது. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணமே கிடையாது. இடது ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டத்தை என்ன செய்வது என்று மூன்று நாள் விவாதித்தோம். 1,100 மீட்டர் உயரத்துக்கு உல்லன் குல்லா தேவையா என்று இரண்டு நாள்.

இப்படி இருபத்து மூன்று நாள் ஓடிய பிறகு, பொறுக்க முடியாமல் நான் எழுதினேன்: “ஞாயிறு காலை 4.45, பூந்தமல்லி டீக்கடை. 5 மணிக்கு வண்டி எடுக்கிறோம். வர்றவங்க மட்டும் சொல்லுங்க.”

பத்துக் கட்டைவிரல் வந்து விழுந்தது.

ஏகலைவன் கொடுத்தது ஒரே ஒரு கட்டைவிரல். அதற்கு மகாபாரதம் இன்றுவரை கண்ணீர் விடுகிறது. எங்கள் குழுவில் சராசரியாக ஒரு நாளைக்கு நாற்பது கட்டைவிரல் கொடுக்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஏகலைவன் கொடுத்த பிறகு எடுத்து ஒட்டவைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆள் ஒருவன் சனிக்கிழமை ராத்திரி 11.30க்குக் கொடுத்த விரலைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டான். துரோணர் இந்தக் குழுவில் இருந்திருந்தால் வில்வித்தையை விட்டுவிட்டு வாத்தியார் வேலையையே ராஜினாமா செய்திருப்பார்.

என் தாத்தா கைநாட்டு. கடன் பத்திரத்தில் கட்டைவிரலை உருட்டினார் என்றால் மாட்டை விற்றாவது சொன்ன தேதியில் பணத்தை வைப்பார். எழுத்து தெரியாத விரலுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. அவர் பாடுபட்டு அப்பாவைப் படிக்க வைத்து, அப்பா என்னைப் படிக்க வைத்து, கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்த குடும்பம் இப்போது மறுபடியும் கட்டைவிரலுக்கே வந்து நிற்கிறது. மாடும் இல்லை, தேதியும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் இந்த விரலுக்கு உண்மையான அர்த்தம் நாம் சின்ன வயதில் கற்றதுதான். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் கட்டைவிரலை ஆட்டி “பெப்பே” காட்டுவோமே, அது. நாற்பது வயதில் ஆட்டாமல் நேராக வைத்துக் காட்டுகிறோம். ஆட்டத்தை நிறுத்தியதற்குப் பெயர்தான் முதிர்ச்சி போலிருக்கிறது.

கனடாவில் இதற்கு ஒரு வழி பிறந்தது. 2023இல் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு வழக்கு. ஆளிவிதை விற்பதாக ஒரு விவசாயிக்கு ஒப்பந்தம் போனில் வந்திருக்கிறது, அவர் கட்டைவிரல் போட்டிருக்கிறார், விதையைக் கொடுக்கவில்லை. “கிடைத்தது என்ற அர்த்தத்தில்தான் போட்டேன்” என்பது அவர் கட்சி. அதெல்லாம் முடியாது, கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி, 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்ட வைத்தார் நீதிபதி. இந்தச் செய்தியைக் குழுவில் பகிர்ந்தேன். பத்துக் கட்டைவிரல் வந்தது.

வகைகளையும் சொல்லிவிடுகிறேன். புல்லட் வைத்திருப்பவர் போடும் விரலுக்கு அந்தக் கனடா விவசாயியின் அர்த்தம்: பார்த்தேன், அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கிறவன் போடுவது ஆசீர்வாதம்: நீங்கள் நல்லபடியாகப் போய் வாருங்கள். இத்தனைக்கும் எங்களைவிட அவனுக்குத்தான் ஏலகிரி பக்கம். இன்னொருவன் போடுவது துண்டு. பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த வகை. வீட்டில் சம்மதம் கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை, வண்டி சர்வீஸில் கிடக்கிறது, ஆனால் துண்டு விழுந்துவிட்டது. பஸ் கிளம்பும்போது சீட்டில் துண்டு மட்டும் இருக்கும்.

எனக்கு அடங்காத கோபம் நிறம் பார்த்துப் போடுகிறவன் மேல்தான். மஞ்சள் விரல் போட்டால்கூட யாருடையதோ என்று விட்டுவிடலாம். இவன் அழுத்திப் பிடித்து, வரிசையாக வரும் நிறங்களில் தன் தோலுக்குப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறான். அது சாட்சாத் அவனுடைய விரல். கோர்ட்டில் காட்டலாம்.

இரண்டு வரி என்று சொன்னேன். எண்ண வேண்டாம், எனக்கும் தெரிகிறது. ஆனால் ஏலகிரி போகிறவன் இதை எப்படிப் பேசாமல் இருப்பது? அந்தப் பதினாலு வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். முல்லைக்கொடி கேட்கவே இல்லை. பாரி தேரைக் கொடுத்தான். மயிலுக்குக் குளிரும் என்று தானாக நினைத்துப் போர்வை கொடுத்தான் பேகன். இந்த வள்ளல்களைச் சுற்றிச் சுற்றி ஏறுவதற்கு நான் அழைத்துக்கொண்டு போக இருந்தவர்கள், கேட்டதற்கு விரலை மட்டும் கொடுத்த பத்துப் பேர்.

நானும் யோக்கியன் இல்லை. போன வருஷம் ஏற்காட்டுத் திட்டத்துக்கு இரண்டு கட்டைவிரல் போட்டுவிட்டு, போனைச் சைலண்டில் வைத்துத் தூங்கினவன்தான். இதை என் மனைவி நினைவுபடுத்தியபோது, “அது வேற” என்றேன். எப்படி வேறு என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டீக்கடைக்கு வருவோம். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழுவில் ஒரு படம் வந்தது. முழுக்கக் கறுப்பு. கீழே, “மழை வர்ற மாதிரி இருக்கே?” விடியாத வானத்தைப் படம் பிடித்து மேகம் தேடச் சொல்கிறான். அடுத்து புல்லட்காரர், ஒரே சொல்லில்: “இன்னிக்கா?” எக்செல் போட்டவனிடமிருந்து மூச்சே இல்லை. ரத்த வகை கேட்டவன், ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று நாம் கேட்கும் நிலையில் வைத்துவிட்டான்.

கடைக்காரர் கொதிக்கும் பாலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நெடுஞ்சாலையைப் பார்த்தேன்.

சரியாக ஐந்து மணிக்கு, நசரத்பேட்டைப் பக்கமிருந்து ஒற்றை விளக்கோடு ஒரு வண்டி வந்து நின்றது. டிவிஎஸ் எக்ஸ்எல். எங்கள் குழுவின் பன்னிரண்டாவது ஆள். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். இருபத்து மூன்று நாளில் ஒரு வார்த்தை எழுதவில்லை, ஒரு விரல் காட்டவில்லை. அவன் குழுவில் இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். ஷீட்டில் அவன் பெயர்கூட இல்லை. எக்செல் வரவில்லை, எக்ஸ்எல் வந்துவிட்டது.

“லோடு இறக்கிட்டு நேரா வந்துட்டேன். லேட்டா?” என்றான். முன்பக்கம் காலித் தூக்குகள் இரண்டு, இன்னும் மாவு காயாமல்.

“வர்றேன்னு ஒரு கட்டைவிரலாவது போட்டிருக்கக் கூடாதா?”

அவன் கையை நீட்டிக் காட்டினான். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறி, வழுவழுவென்று இருந்தது. “எப்பவும் ஈரம்டா. போன் எடுத்தா வேல செய்யாது. ரேஷன் கடை மெஷின்லயே என் கட்டைவிரல் விழுறதில்ல, அம்மாவத்தான் அனுப்புறேன்.”

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இருவரும் ஆளுக்கு மூன்று டீ குடித்தோம். கட்டுப்படியாகவில்லைதான், ஆனால் கடைக்காரரின் முகத்தை அதற்குமேல் பார்க்க முடியவில்லை. எக்ஸ்எல்லைக் கடைக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டு அவன் என் வண்டியில் ஏறிக்கொண்டான். அவனுக்கு ஹெல்மெட் இருந்தது, எனக்கு ஆச்சரியம் இருந்தது. ஆம்பூரைத் தாண்டும்போது பிரியாணி இன்னும் தம்மில் இருந்தது. திரும்பும்போது பார்க்கலாம் என்று வாணியம்பாடி வழியாக மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பாரி வளைவில் வண்டியை நிறுத்தி, அவனைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரே நிமிஷத்தில் பத்துக் கட்டைவிரல். கூடவே எக்செல்காரன்: “சூப்பர் மச்சான்! எப்போ போனீங்க? சொல்லவே இல்ல?”

அதற்கு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அந்தச் சம்பவம் நடந்தது. இப்போது அதைச் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. கேட்க வேண்டும் என்றால் வருகிற ஞாயிறு 4.45க்கு அதே டீக்கடைக்கு வாருங்கள். வருகிறவர்கள் மட்டும் சொல்லுங்கள். வாயால் சொல்லுங்கள். கடைக்காரர் பாலை வெட்ட வேண்டும்.