நள்ளிரவுப் பனுவல்: கடையில் மாட்டிய கார் அலாரமும் அதன் உரையாசிரியர்களும்

இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட பனுவல் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் அரங்கேறுவது. அரங்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக் கார் நிறுத்தம். இயற்றியவர் யாரென்று துணியக்கூடவில்லை. அட்டைப்பெட்டியில் ஒரு பெயர், கருவியின் முதுகில் ஒட்டிய சீட்டில் வேறொரு பெயர், பில்லில் வெறுமனே ‘அலாரம் செட் - 1’. பனுவல் ஆறு உறுப்புகளை உடையது: ஏறி இறங்கும் ஊளையில் தொடங்கி, விட்டுவிட்டு வரும் அலறல் வழியாக, மூச்சுவிடாத கிறீச்சில் முடியும். எந்தத் தெருவில் கேட்டாலும் ஏறக்குறைய இதே ஆறு, இதே வரிசை. பாடபேதம் இல்லை. சங்கப் பாடல்களுக்குக்கூட வாய்க்காத பேறு இது.

ஆய்வு எல்லையை முதலில் வகுத்துக்கொள்வது மரபு. தொழிற்சாலையிலேயே அலாரத்தோடு பிறந்த கார்கள் இங்கே சேரா. விலை குறைந்த மாடலை வாங்கி, சென்ட்ரல் லாக்கும் அலாரமும் வெளியே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த குடும்பங்களின் கார்களே நம் களம். சென்னையில் இவ்வகைக் கார்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளின் வாசலில் அரைநாள் நின்று, கதவு அட்டை கழற்றப்பட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பையன் தலைகீழாகப் படுத்து வேலை செய்ய, தீட்சை பெற்றுத் திரும்பியவை. அப்போது ஒயர்கள் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றப்பட்டன என்பதும், அந்த டேப்பின் பசை சென்னை வெயிலில் எத்தனை கோடை தாங்கும் என்பதும் பின்னால் பயன்படும் செய்திகள்.

மூலநூல் கிடைக்கவில்லை. எட்டாய் மடித்த ஒற்றைத்தாள் கையேடு ஒன்று இருந்ததாகக் கடைக்காரர் சொல்கிறார். பாலிதீன் உறையோடு அது குப்பைக்குப் போயிருக்க வேண்டும் என்று கொள்ள இடமுண்டு. இப்போது எஞ்சியிருப்பது வாய்மொழி மரபு மட்டுமே: ஒரு கீச் என்றால் பூட்டியாயிற்று, இரண்டு கீச் என்றால் திறந்தாயிற்று. இந்த இரண்டில் எவருக்கும் ஐயமில்லை. மூன்று கீச்சுக்கும் நான்கு கீச்சுக்கும் பொருள் என்ன என்பதில்தான் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள்.

முதல் உரை வாட்ச்மேனுடையது. “பூனை ஏறிச்சு சார்” என்பது அவர் முடிபு. இவ்வுரையை எளிதில் தள்ளிவிட முடியாது. காரின் உள்ளே, பெரும்பாலும் ஸ்டீயரிங் தூணுக்கருகே, அதிர்ச்சி உணரி ஒன்று இருக்கிறது. கடைப் பையன்கள் ஷாக் சென்சார் என்பார்கள். சிறிய பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒரு திருகு. அதிர்வு லேசாக இருந்தால் எச்சரிக்கைக் கீச், பலமாக இருந்தால் முழுக் கச்சேரி. திருகைக் கூட்டி வைத்துவிட்டால் தண்ணீர் லாரியும் இடியும் போதும், பூனை மிகை. தீபாவளி விடியற்காலையில் தெருவே ஒருசேர அலறுவதும் இதனால்தான். நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கக்கூடாது என்று பட்டாசுக்கு வரம்பு உண்டு. அந்த வரம்புக்கு உட்பட்ட வெடியே ஒரு சான்ட்ரோவை எழுப்பப் போதுமானது. ஆனால் பூனைக் கொள்கைக்கு ஒரு குறை உண்டு. மழை இரவுகளில் அலாரம் கூடுதலாகப் பாடுகிறது. மழை இரவுகளில் பூனை காருக்கு மேல் ஏறாது, அடியில் படுத்துக்கொள்ளும். இதை வாட்ச்மேனிடம் எடுத்துச் சொன்னபோது, “அப்ப எலி சார்” என்றார். கொள்கையைக் கைவிடாமல் தரவை மாற்றும் இந்த முறை பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

இரண்டாம் உரையாசிரியர் மச்சான். அவர் எங்கிருந்தாலும் போனில் கிடைப்பார். காரைப் பார்க்காமலே பொருள் சொல்வார். “ரிமோட்ல செல் போயிருக்கும் மாப்ளே.” ரிமோட்டில் செல் தீர்ந்தால் கார் எப்படி நள்ளிரவில் தானாகக் கத்தும் என்ற கேள்விக்கு இவ்வுரையில் விடை இல்லை. எனினும் இவரால் ஆய்வு ரிமோட்டின் பக்கம் திரும்பியது. அது வளமான பக்கம்.

ரிமோட் செயல்படாதபோது நிகழ்த்தப்படும் சடங்குகள் நான்கு தலைமுறைக்கும் பொதுவானவை: உள்ளங்கையில் தட்டுதல், ஊதுதல், செல்லை எடுத்துப் பேன்ட்டில் தேய்த்துப் போடுதல், கையை நீட்டிக் காரைக் குறிபார்த்தல். கடைசிச் சடங்கு டிவி ரிமோட்டிலிருந்து வந்த எச்சம். டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியால் பேசுகிறது, எனவே அதற்கு நேர்கோடு வேண்டும். கார் ரிமோட் பேசுவது ரேடியோ அலையில். இந்தியாவில் விற்பனையாகும் பெரும்பாலானவை 433.92 மெகாஹெர்ட்ஸ். முதுகைக் காட்டிக்கொண்டு அமுக்கினாலும் அது போகும். ஆனால் தலையோடு ஒட்டி வைத்து அமுக்கினால் சற்று தூரம் கூடுதலாகப் போகும் என்ற நம்பிக்கை மூடநம்பிக்கை அல்ல. நீர் நிறைந்த மண்டை அலைக்குத் துணை ஆன்டெனாவாகிறது. தலையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கும் வாட்ச்மேனுக்கு இயற்பியல் தெரியாது என்பது பெறப்படும்.

செல்லைப் பற்றி ஒரு சொல். பழைய ரிமோட்களில் இருக்கும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்று நீளமான 12 வோல்ட் செல், உண்மையில் எட்டுப் பொத்தான் செல்கள் ஒரே சட்டைக்குள் அடுக்கப்பட்டது. எட்டில் ஒன்று சோர்ந்தாலும் அணி தோற்கும். புதிய ரிமோட்களின் தட்டை செல்லில் 2032 என்ற எண் இருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். அதே அகலத்தில் 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள 2016ஐக் கடைக்காரர் தந்து, “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொன்னால், ஒன்றல்ல. தொடுபுள்ளிக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருக்கும். மீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே என்பதும் சான்றாகாது. சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும் செல், பொத்தானை அமுக்கியதும் உட்கார்ந்துவிடும்.

செல்லும் புதிது, சிறு விளக்கும் எரிகிறது, ஆனால் கதவருகே போனால்தான் கார் கேட்கிறது என்றால் குற்றம் ரிமோட்டில் இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று எங்கும் இணையாமல் தொங்கும். அதுதான் ஆன்டெனா. இந்த அலையின் நீளம் 69 சென்டிமீட்டர் அளவில். அதில் கால் பங்கு, ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், ஒயர் நீண்டு கிடக்க வேண்டும். ‘இது எதுக்கும் சேரலையே’ என்று பையன் அதைச் சுருட்டி மற்ற ஒயர்களோடு சேர்த்து டேப் போட்டிருப்பான். அல்லது அழகுக்காக வெட்டியிருப்பான். மொத்த ஆய்வில் என்னை மிகவும் வருத்திய தரவு இதுதான்.

இன்னொரு வகை உண்டு. நேற்றுவரை வேலை செய்த ரிமோட், குழந்தை ஒரு மாலை முழுக்க விளையாடிய பின் ஊமையாகிவிடும். செல்லைக் குழந்தை தீர்த்துவிட்டதாக வீட்டில் தீர்ப்பாகும். இதற்கு வேறு பொருளும் உண்டு. 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1995இல் மைக்ரோசிப் டெக்னாலஜி விலைக்கு வாங்கிய கீலாக் முறையில், ஒவ்வொரு அமுக்கலுக்கும் ரகசிய எண் மாறும். திருடன் ஒன்றைப் பதிவுசெய்து வைத்தாலும் மறுமுறை பயன்படாது. அதன் வழக்கமான அமைப்பில், கார் அடுத்த பதினாறு எண்கள்வரை முன்கூட்டி ஒப்புக்கொள்ளும். காருக்குக் கேட்காத தூரத்தில் குழந்தை அதைத் தாண்டிவிட்டால், முதல் அமுக்கலுக்குப் பதில் வராது. தொடர்ந்து இரண்டாவது முறை அமுக்கினால் இரண்டையும் ஒப்பிட்டுச் சமாதானமாகிவிடும். உரிமையாளரோ முதல் அமுக்கலிலேயே மனமுடைந்து மச்சானுக்குப் போன் செய்துவிடுகிறார். எண் மாறாத மலிவு ரிமோட்களில் இந்தச் சிக்கல் இல்லை. பாதுகாப்பும் இல்லை.

மூன்றாம் உரையாசிரியர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். பானெட்டைத் திறக்கும் முன்பே, “எர்த் ப்ராப்ளம் சார்” என்பார். பல சமயம் அதுவே சரி. காரணம் கேட்டால் அதே சொற்றொடரை உரக்கச் சொல்வார். அவர் சொல்லாமல் விட்டதை இங்கே விரிக்கலாம். அலாரத்துக்கென்று பானெட்டின் விளிம்பில் ஓட்டை போட்டு ஒரு குமிழ் சுவிட்ச் வைத்திருப்பார்கள். பானெட் மூடியிருந்தால் குமிழ் அமுங்கியிருக்கும், திறந்தால் எழுந்து ஒயரை எர்த்தோடு சேர்க்கும், உடனே கச்சேரி. இந்தச் சுவிட்ச் இருக்குமிடம் மழைநீர் வடியும் வாய்க்கால். துருவும் ஈரமும் சேர்ந்து, பானெட்டைத் திறக்காமலே ஒயரை எர்த்தோடு சேர்த்துவைக்கும். மழை இரவின் மர்மம் இவ்வளவுதான். கதவுச் சுவிட்சுகளுக்கும் இதே விதி. ஒவ்வொரு கதவையும் தனியே திறந்து ரூம் லைட் ஒழுங்காக எரிந்து அணைகிறதா என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடுவான்.

இதில் வேதனை என்னவென்றால், பல மாடல்களில் அலாரமே இதைச் சொல்லிவிடுகிறது. கத்தி ஓய்ந்தபின் ரிமோட்டால் திறக்கையில் கூடுதல் கீச் வருவது ‘நீ இல்லாதபோது ஒன்று நடந்தது’ என்பதற்கு. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு கொத்துக்கொத்தாகச் சிமிட்டுவது கதவா, பானெட்டா, அதிர்வா என்பதற்கு. எத்தனை சிமிட்டலுக்கு எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். இக்னிஷனைப் போட்டதும் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். லுங்கியோடு ஓடிவரும் உரிமையாளர் செய்யும் முதல் காரியமே சாவியைத் திருகுவதுதான். இதைவிட எளிய வழி, ஷாக் சென்சாரின் கப்ளரை ஓர் இரவு கழற்றி வைப்பது. அப்போதும் பாடினால் பூனைக்கு விடுதலை.

கார் பேட்டரியையும் விட்டுவிட முடியாது. பூட்டிய அலாரம் தூங்குவதில்லை. 20 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 14 ஆம்பியர்-மணிக்கு மேல். சிறு காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் வயதானது, டெர்மினல் பூத்துப்போனது, விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் சோர்ந்துவிடும். வோல்ட் சரிந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் புத்தி பேதலித்துக் கத்தத் தொடங்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்கு முன் அலாரத்தை மாற்றியவர்கள் உண்டு.

பனுவலின் பயன் பற்றி: குடியிருப்புப் பகுதியில் இரவுக்குச் சட்டம் தரும் ஒலி வரம்பு 45 டெசிபல். சைரன் அதை எங்கோ விட்டுவிட்டுப் போகிறது. அமெரிக்காவில் காப்பீட்டுத் தரவுகளை ஆராயும் ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிடியூட், அலாரம் உள்ள கார்களில் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறையவில்லை என்று 1997லேயே சொல்லிவிட்டது. அலாரத்தை மனம் ஒன்றிக் கேட்டுக் கற்றுக்கொண்ட உயிர் ஒன்று உண்டு: ஆஸ்திரேலிய லயர் பறவை. டேவிட் அட்டன்பரோவின் 1998 தொடரில் அது கார் அலாரத்தை அப்படியே பாடிக் காட்டுகிறது.

இவ்வளவும் படித்தபின் உரிமையாளர் செய்வது ஒன்றே: சைரன் ஒயரைக் கழற்றிவிட்டு, சிவப்பு விளக்கை மட்டும் சிமிட்ட விடுவது. கழற்றுமுன் ஓர் எச்சரிக்கை. சில சைரன்களுக்குள் தனிப் பேட்டரி உண்டு. ஒயரை உருவியதையே திருட்டாகக் கருதி அவை சொந்த பலத்தில் கத்தும். அவற்றை அடக்கச் சைரனின் பக்கவாட்டில் ஒரு துளையும், அதற்கென்று ஒரு குட்டிச் சாவியும் தந்திருப்பார்கள். அந்தச் சாவி எங்கே என்பது மேலாய்வுக்கு உரியது.