கிளைவேலைப் பெருக்கம்: கலஹாவை முன்வைத்து ஓர் ஆய்வு

உலகத்தைக் காக்கப் புறப்பட்ட வீரன் பாதி வழியில் நின்று ஒரு கிழவியின் தாச்சியைத் தேடுவது ஏன்? ரோல் பிளேயிங் கேம்களைப் பற்றி எழுதிய பெரியோர் இந்த வினாவுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கவில்லை. அக்குறையை இலங்கை மலையகத்துக் கலஹாவில் உட்கார்ந்துகொண்டு போக்க முயல்கிறது இக்கட்டுரை. ஏன் கலஹா என்று கேட்போர் சற்றுப் பொறுக்கவும். இந்தத் துறையில் நேரே விஷயத்துக்கு வருவது ஒழுங்கீனம்.

தாச்சி கற்பனையல்ல. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘விட்சர் 3’ விளையாட்டில் கெரால்ட் என்பவன் பூதவேட்டைக்காரன். அவனுடைய வளர்ப்பு மகள் சிரியை ஒரு பேய்ப்படை துரத்துகிறது. அந்த நிலையில், கதை தொடங்கும் கிராமத்திலேயே ஒரு கிழவி, இரவல் கொடுத்த தாச்சியை மீட்டுத் தரச் சொல்கிறாள். அவனும் போகிறான். போகாமலும் விடலாம். விட்ட ஒருவரையும் இவ்வாய்வாளர் சந்தித்ததில்லை. பிறகு க்வெண்ட் என்ற சீட்டாட்டம் குறுக்கே வருகிறது. மகளைத் தொலைத்த தகப்பன் ஊர் ஊராகச் சத்திரக்காரரோடு சீட்டுப் போடுகிறான். அந்தச் சீட்டாட்டம் 2018இல் தனி விளையாட்டாகவே வெளிவந்துவிட்டது. சைட் குவெஸ்ட் எனப்படும் கிளைவேலை தனிக்குடித்தனம் போனதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: ஆபத்து நெருங்க நெருங்க நாயகனுக்கு ஓய்வு நேரம் கூடும். 1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’இல் பூமியை நொறுக்கப்போகும் எரிகல் வானத்தில் கண்ணெதிரே தொங்கும். நாம் கீழே சொக்கோபோ என்ற பறவையை இனம் பார்த்து வளர்த்து, பந்தயத்துக்கு விட்டுக்கொண்டிருப்போம். எரிகல்லும் காத்திருக்கும். அதே ஆண்டில் ‘ஃபால்அவுட்’ மட்டும் கண்டிப்புக் காட்டியது: 150 நாளுக்குள் தண்ணீர்ச் சில்லு வந்து சேராவிட்டால் ஆட்டம் முடிந்தது. அந்தக் கண்டிப்பைப் பின்பற்றியோர் மிகச் சிலரே. காரணம் வெளிப்படை.

இதெல்லாம் கணினிக்காரர் கண்டுபிடித்தது என்று நினைப்போர் மலையகத் தோட்டங்களில் விடிய விடிய ஆடப்படும் அருச்சுனன் தபசைப் பார்க்கவேண்டும். வனவாசத்தில் அண்ணன் தம்பிமாரையும் பாஞ்சாலியையும் விட்டுவிட்டு, பாசுபதம் என்ற ஆயுதத்துக்காகத் தனியே போனவனின் கதை அது. மெயின் ஸ்டோரியான பாரதப்போர் எங்கோ கிடக்க, ஊரே கண்விழித்துப் பார்ப்பது அந்த ஒரு கிளைவேலையைத்தான். வாங்கிய பாசுபதத்தை அவன் போரில் பாவித்தானா என்பதில் வழக்குண்டு. பெரிய ஆயுதத்தைக் கடைசிச் சண்டைக்கென்று பொத்திவைத்து அப்படியே மறந்துபோகும் இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்வோர் இதைக் கவனிக்கவும். வீமனோ இன்னும் மோசம்: மனைவி கேட்ட பூவுக்காக மலையேறிப் போய், வழியில் அனுமனின் வாலைத் தூக்க முயன்றான்.

இனிக் கலஹா. இங்கிருந்து தெல்தோட்டை வழியே போனால் லூல்கந்துர தோட்டம். 1852இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் இலங்கைக்கு வந்தது கோப்பித் தோட்ட வேலைக்கு. அன்று கோப்பிதான் மெயின் ஸ்டோரி. 1867இல் அவர் அந்தத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டுப் பார்த்தது சைட் குவெஸ்ட். செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. மெயின் ஸ்டோரி கண்முன்னே பட்டுப்போக, கிளைவேலை மலை முழுதும் படர்ந்தது.

நம் முன்னோருக்கும் இதே கதிதான். கோப்பிக்காலத்தில் தமிழகத்திலிருந்து பருவத்துக்கு வந்து, பழம் பறித்து, கூலியோடு ஊர் திரும்புவதே பலரின் திட்டம். தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுதும் கொழுந்து. திரும்பிப்போவது என்ற மெயின் மிஷன் அப்படியே திறந்து கிடக்க, பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பார்த்து நீங்கள் இந்தக் கதையிலேயே இல்லை என்றது. அது வேறு ஆய்வு. அதை எழுதச் சிரிப்பு வராது.

ஆகவே இரண்டாம் விதி: எது கிளை, எது மரம் என்பது ஆடுகிறவருக்கு ஆடும்போது தெரியாது. தேங்காய் வாங்க கலஹா டவுனுக்குப் போய், கெரம் பலகையருகே நின்றுவிடும் தம்பிமாரை இவ்விதியின் கீழ் மன்னிக்கலாம். இரவில் கணினி முன் இருக்கும் மகனிடம் “முடிஞ்சதா?” என்று கேட்கும் அம்மாமாருக்கு இவ்வாய்வு வழங்கும் பரிந்துரை ஒன்றே: முடியாது. சோற்றை மூடிவைத்துவிட்டுப் படுங்கள்.